பேரிங்கு கருகும் வாடை

செட்டியார்பட்டியிலிருந்து நடந்துபோய் ராஜபாளையத்துப் பருத்தி அரவை ஆலையில் வேலை பார்த்தோம். நான் பஞ்சில் தூசி பொறுக்குகிறவள். என் வீட்டுக்காரர் எந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். எங்கள் தலைக்கு மேலே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்தால் பேரிங்கு சூடேறிப் பொறி பறக்கும். கீழே அம்புட்டும் பஞ்சு.

அவருக்கு மூக்குதான் எல்லாம். கீழே நடந்துகொண்டிருப்பவர் சட்டென்று நின்று, "அந்த ஓரத்துப் பேரிங்கு காயுது, நிப்பாட்டுங்க" என்பார். ஏறிப் பார்த்தால் அவர் சொன்னதேதான். எனக்குப் பெருமை தாங்காது. ஆனாலும், "வீட்டுல சோறு தீஞ்சா மட்டும் இந்த மூக்குக்குத் தெரியாது" என்று கிண்டலடிப்பேன்.

அந்த எண்ணெயில் நாங்கள் பெண்கள் ஆளுக்கொரு கை எடுத்துத் தலையில் தேய்த்துக்கொள்வோம். பஞ்சுத் தூசியில் முடி என்னத்துக்கு ஆகும்? மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். ஏசவில்லை. எண்ணெய்ப் பீப்பாயில் சீமெண்ணெயை ஊற்றிக் கலக்கிவிட்டு, "இனிமே தேயுங்க பாப்போம்" என்று சிரித்தார். பாவி மனுசன்! நாங்களும் கூடச் சிரித்தோமே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆலை முழுக்கச் சீமெண்ணெய் நாற்றம். "கருகுற வாடையே தெரியலய்யா. எண்ணெயும் தண்ணியா ஓடுது" என்று இவர் மேஸ்திரியிடம் கெஞ்சினார். இந்தப் பீப்பாய் தீரட்டும் என்றுவிட்டார் அவர்.

மூக்கு உதவாமல் போகவே இவர் கையை நம்பினார். ஏணியில் ஏறி, பேரிங்கு ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அதற்காகத் தண்டைச் சுழற்றும் எஞ்சினை நிறுத்த மேஸ்திரி விடவில்லை.

அன்றைக்கும் ஏணியில் கால் வைத்தவரிடம், "தோள்துண்டக் கீழ வச்சிட்டு ஏறுங்க" என்றேன்.

"செத்த நேரந்தாம்ட்டி."

"சுடுது, நிப்பாட்டுங்க!" என்று மேலிருந்து அவர் கத்தியது எனக்குக் கேட்டது. எஞ்சின்காரர் காதில் விழுமுன் துண்டின் நுனி தண்டில் சுற்றிக்கொண்டது. துண்டோடு வலது கையையும் இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. பஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் தலைக்கு நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் வாங்கிய விளக்கெண்ணெய். தேய்க்குமுன் இடது கையால் என் உள்ளங்கையைப் பிடித்து மோந்து பார்ப்பார்.

"நல்ல எண்ணெய்ட்டி. கலப்பில்ல" என்பார்.

பின்னால் நின்று நான் அழுவது அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.