வாயை ஊதிக் காட்டிய இருதயராஜ்

டாக்டரம்மா நீட்டிய ரிப்போர்ட்டில் ஒன்பது புள்ளி ஆறு என்று இருந்ததைப் பார்த்ததும் இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன தடவை எட்டரைதான். அதற்கப்புறம் ஆட்டுக்கறியை விட்டார், ஈரலை விட்டார், நெத்திலியை விட்டார், உயிருக்கு உயிரான ஞாயிற்றுக்கிழமை பீரையும் விட்டார். மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. இத்தனைக்கும் பிறகு யூரிக் ஆசிட் ஏறினால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் வீங்கிவிட்டால் போர்வை பட்டாலும் உயிர் போய் உயிர் வரும். ஆனால் அந்த வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கியது, பக்கத்தில் இருந்த மனைவி சாந்தகுமாரியின் முகம்.

"குடிக்கிறீங்க," என்றாள். "பைபிள் மேல கைய வச்சிட்டு, குடிக்கிறீங்க."

"ஐயோ, சத்தியமா இல்ல சாந்தா!"

"இன்னொரு சத்தியமா? போதும். நான் தளேகாவ்ல பையன் வீட்டுக்கே போயிடறேன்."

அவளைக் குறை சொல்லவும் முடியாது. சம்பள நாளில் ஷேர் ஆட்டோவிலிருந்து நாலு பேர் அவரைத் தாங்கி இறக்கிய காலம் உண்டு. அதனால்தான், பீரை விட்ட நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். போலீஸ்காரனிடம் மாட்டிய பைக் ஓட்டி மாதிரி அவரும் ஊதுவார். எதிர் வீட்டு பாட்டீல் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மானம் போனாலும் பாஸாகிவிட்ட பெருமை அவருக்கு. உள்ளே போனதும் அதற்குப் பரிசும் காத்திருக்கும்.

"வோட்கா வாசனையே வராதாமே. கேள்விப்பட்டேன்," என்றாள் இப்போது.

இருதயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் குடித்தபோது திட்டினாள், அது நியாயம். குடிக்காதபோது குடிகாரன் என்றால் என்ன செய்வது?

டாக்டரம்மா சண்டைக்குள் தலையிடவில்லை. "காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிடறார், என்னென்ன குடிக்கிறார்? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்று ஹிந்தியில் கேட்டார்.

சாந்தகுமாரியே பெருமையாகச் சொன்னாள். சாய், அவல் போஹா, சப்பாத்தி, பருப்பு, காய். "அப்புறம் ரஸ், கரும்புச் சாறு. பீருக்குப் பதிலா நான்தான் பழக்கினேன், மேடம். மார்க்கெட் ரஸ்வந்திக் கடையில தினமும் தூக்குல வாங்கிட்டு வந்துடுவேன். டூட்டி முடிஞ்சு வந்ததும் ரெண்டு பெரிய கிளாஸ். மதியத்துக்கும் பாட்டில்ல ஊத்தி அனுப்பறேன். கரும்பு உடம்புச் சூட்டைத் தணிக்குமில்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, யூரிக் ஆசிட்டைக் குடி மட்டுமா ஏத்தும்? இவ்வளவு சர்க்கரை உள்ளே போனா அதுவும் ஏத்தும். பீரை நிறுத்திட்டு, அந்த இடத்துல இதை ஊத்திட்டிருக்கீங்க. முதல்ல ரஸ்ஸை நிறுத்துங்க. தண்ணி நிறைய, வேணும்னா உப்புக் குறைச்சு மோர். மாத்திரையை விடக்கூடாது. அடுத்த மாசம் திரும்பப் பார்க்கலாம்."

சாந்தகுமாரி தன் கையைப் பார்த்தாள். விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, ஒத்தடம் கொடுத்து, விடிய விடிய ஜெபம் பண்ணிய அதே கை அல்லவா தினமும் ஊற்றிக் கொடுத்தது! இருதயராஜுக்கோ ஜெயித்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மார்க்கெட் முனையில் கரும்பு மெஷினின் சலங்கை கலகலத்தது. "காக்கூ, ரஸ்!" என்று கடைக்காரர் சாந்தகுமாரியைக் கூப்பிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் அவள் பூட்டைத் திறந்து நிமிர்ந்தாள். இருதயராஜ் பழக்க தோஷத்தில் படியிலேயே நின்று, முகத்தை அவள் பக்கம் நீட்டி, வாயைத் திறந்து ஊதினார்.

அவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர் வீட்டுக்காரி பார்க்கிறாள் என்பதையும் மறந்து, சாந்தகுமாரி விசும்பி அழுதாள்.

"வேணாங்க. இனிமே ஊதாதீங்க."