அம்மாவுக்கு ஒரு நீச்சல் உடை

இந்தப் பதிவை அப்பாவும் பெரியப்பாவும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டுத்தான் போடுகிறேன். தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

அம்மாவுக்கு மூட்டுவலி. தினமும் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மதுரை கே.கே. நகரில் ஒரு நீச்சல்குளத்தில் காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் உண்டு. நீச்சல் உடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம்.

இன்று மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். மூன்றாவது கடைக்காரர் எடுத்துப் போட்டதை அம்மா உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். விளாங்குடியில் எங்கள் தெரு முழுவதற்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர் அம்மாதான்.

"அண்ணே, மாருக்குத் தாங்கலே இல்லையே. உள்ள ஒரு பட்டையாவது வச்சுத் தைக்கக் கூடாதா?"

"தண்ணிக்குள்ள யாரு பாக்கப் போறாங்கக்கா? இறுக்கமா வேணும்னா ஒரு சைஸ் சின்னதா எடுத்துக்கங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

படியிறங்கும்போது அம்மா சொன்னார்: "விடுடி. நான் வலியோடயே இருந்துட்டுப் போறேன்."

யாராவது பார்ப்பதற்காகவா அம்மா கேட்டார்? நடக்கும்போதும் குனியும்போதும் தாங்கிப் பிடிக்கத்தானே கேட்டார்!

மதுரையில் ஒழுங்காகப் பொருந்துகிற நீச்சல் உடை எங்கே கிடைக்கும் என்று தெரிந்த அக்காக்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

'ஒரு சைஸ் சின்னதா' என்று யோசனை சொல்ல வரும் அண்ணன்கள், முதலில் ஒரு சைஸ் சின்னச் செருப்பை மாட்டிக்கொண்டு திருப்பரங்குன்றம் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.