சனிக்கு நேரே நின்ற அக்கா

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவும் கூச்சம். இதை வீட்டில் எத்தனையோ முறை சொல்ல ஆரம்பித்திருக்கிறேன், பாதியிலேயே யாராவது வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். காகிதம் குறுக்கே பேசாது.

அப்போது வெள்ளைக்காரர் காலம். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா ஸ்டோர் கிளார்க். துரைமார் சீமைக்குத் திரும்பும்போது, கப்பலில் கொண்டுபோக முடியாத சாமான்களை பங்களாப் புல்வெளியில் பரப்பிவைத்து, ஆபீஸ்காரர்களை எடுத்துக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னதுரை கிளம்பியபோது ஆளாளுக்கு நாற்காலி, கம்பளி, பீங்கான் என்று தூக்கி வந்தார்கள். அப்பா மட்டும் மூன்று காலில் நிற்கும் ஒரு பித்தளை டெலஸ்கோப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

“கம்பளி இருந்துதாமா?” என்று அம்மா கேட்டாள்.

“இருந்துச்சு.”

அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா அதைச் சொல்லிக் காட்டினாள்.

தை மாதத்தில் மழை விட்டு, பனி விழத் தொடங்கும்போது அங்கே வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். வீட்டுக்குப் பின்னால், முட்டைக்கோஸ் பாத்திக்கும் விறகு அடுக்குக்கும் நடுவில் அப்பா டெலஸ்கோப்பை நிறுத்துவார். லாந்தர் வெளிச்சம் கண்ணில் படாதபடி சாக்கால் மூடிப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஃபேக்டரியிலிருந்து தேயிலை வாடும் வாசம் வரும். வீட்டுக்குள் நாலு வார்த்தை பேசாத அப்பா அங்கே மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். இப்போது நினைத்தாலும் அந்தக் குரல்தான் முதலில் வருகிறது.

அப்படி ஒரு தை மாதத்தில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் குன்னூரில் தேயிலைக் கம்பெனி வேலை. வந்தது அவருடைய அம்மாவும், தாய்மாமனும். சமவெளியிலிருந்து ரயிலேறி, எஸ்டேட் லாரியில் தொற்றி வந்தவர்கள் ராத்திரி தங்கித்தான் போக வேண்டும். அக்காவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த அம்மாவும் காபி குடித்துவிட்டு அதையேதான் சொன்னார்: “பொண்ணப் புடிச்சுருக்குதுங்க. ஏழரைதான் ரோசனையா இருக்குது. காத்தால சொல்றமுங்க.”

அம்மாவின் முகம் அப்போதே வாடிவிட்டது. விளக்கு வைத்த பிறகு, மூலையில் பழைய சேலை போர்த்தி வைத்திருந்ததை அந்த மாமன் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, இதென்ன, பீரங்கியா?”

அப்பாவுக்கு அது போதும். அம்மா கண்ணால் தடுத்தது அவருக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் பின்பக்கம் போனோம். முதலில் குருவைக் காட்டினார். பக்கத்தில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக நிற்கும் அதன் நிலாக்களையும் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். மாமன் மேலே கை நீட்டி, “அந்த மஞ்சளா இருக்கறது யாருங்க?” என்றார்.

அப்பாவுக்குப் பொய் வராது. “அது… சனிங்க.”

மாப்பிள்ளையின் அம்மா ஓரடி பின்னால் நகர்ந்தார். மாமன்தான் குனிந்து பார்த்தார். “அட, சுத்தியும் வளையம் போட்டுருக்குதுங்க! அக்கா, வந்து பாரு” என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாவுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுவோம் அல்லவா, அதே மாதிரி டெலஸ்கோப்புக்குப் பக்கவாட்டில் நின்று கைகூப்பிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஒரே இருட்டா இருக்குது.”

“ஒதுங்கி நின்னா எப்படித் தெரியும்? நேரா வா.”

“உனக்கென்ன, உன்னைய எல்லாம் புடிச்சு அலுத்துப்போய் விட்டுட்டுப் போயாச்சு. நான் நேருக்கு நேரா நிக்கமாட்டன்.”

வெந்நீர்ச் செம்போடு வந்த அக்கா இதைக் கேட்டுக்கொண்டு பின்வாசற்படியில் நின்றிருந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“நான் பாக்கறனுங்க. என்னையத்தான் ஏற்கனவே புடிச்சுட்டாரே, இனி புதுசா என்ன புடிக்கப் போறாரு?”

அம்மா, “பாப்பா!” என்று பல்லைக் கடித்தாள். மாமன் சிரித்துவிட்டார். அக்கா டெலஸ்கோப்புக்கு நேர் பின்னால் நின்று கண்ணை வைத்தாள். அப்பா குழாயை மெல்ல மெல்ல நகர்த்திக் கொடுத்துக்கொண்டே இருந்தார், இல்லாவிட்டால் சனி தப்பிப் போய்விடும். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் மூச்சு வெள்ளையாக வந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இத்துனூண்டுதான் இருக்கறாரு” என்றாள். அவ்வளவுதான்.

பிறகு மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். அந்த அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வரிசையில் நிறுத்துவது போல நேராக நிறுத்தினாள். “மூச்ச அடக்கிக்குங்க. நான் பக்கத்துலயே இருக்கறன்.”

அந்த அம்மா ஒரு கண்ணை மூடுவதற்குப் பதில் இரண்டையும் மூடிக்கொண்டார். பிறகு ஒன்றைத் திறந்தார்.

“ஏங்கண்ணு, இவரா அத்தனையும் பண்றாரு?”

அதற்குள் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து சில்வர் ஓக் மரங்களை மூடியது, சனியும் மறைந்தது. ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அடுப்படியில் அம்மா அப்பாவிடம், “ஊட்டுக்குள்ள இருந்த பேச்ச வானத்துல கொண்டுபோய்க் காட்டுனீங்களே” என்று அழாத குறையாகச் சொன்னாள். அப்பா டெலஸ்கோப்பில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். தேயிலை ஏற்றிக்கொண்டு போன லாரியில் அவர்கள் புறப்பட்டார்கள். அப்பா வேலைக்குப் போனார்.