புஷ்பவல்லியின் முப்பது கம்பெனிகள்

திருவொற்றியூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் புஷ்பவல்லி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1999 டிசம்பரில் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பியபோது வயது ஐம்பத்திரண்டு. பென்ஷன் கிடையாது. கைக்கு வந்த நான்கு லட்சத்தில்தான் மிச்ச ஆயுள் ஓட வேண்டும்.

அதே நாளில் வெளியே வந்தவர் வியாசர்பாடி செங்குட்டுவன், அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். தன் பணம் முழுவதையும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்கில் போட்டார். இரண்டே மாதத்தில் அது இரட்டிப்பானது.

"யக்கா, நீயும் வாங்கிக்கோ. தெனம் ஏறிகினே கீது" என்றார்.

புஷ்பவல்லி மசியவில்லை. காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட் வேலையும் பார்த்த சண்முகவேலிடம் போனார்.

"ஒரே கம்பெனின்னா, அது படுத்தா நாமளும் படுக்க வேண்டியதுதான். இதுல முப்பது கம்பெனி இருக்குக்கா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தூக்கிவிடும்" என்றார் அவர். அந்தப் பேச்சு புஷ்பவல்லிக்குப் பிடித்துப்போனது. மூன்று லட்சத்தை ஃபண்டில் போட்டார். அதன்பின் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை. முப்பது கம்பெனி இருக்கும்போது என்ன பயம்?

2000 கோடையில் செங்குட்டுவனின் பங்கு சரியத் தொடங்கியது. மறு வருஷம் செப்டம்பரில் அவர் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டு புஷ்பவல்லி கிளம்பினார். வாசலில் தபால்காரர் கொடுத்த ஃபண்டு கவரைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

ஹவுசிங் போர்டு வீட்டில் செங்குட்டுவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டாயிரம் ரூபா ஷேரு, இப்போ முப்பத்தாறு. பேஜாராப் பூடுச்சுக்கா."

புஷ்பவல்லி ஆறுதல் சொன்னார். உள்ளுக்குள் மட்டும், 'நல்லவேளை, நான் தப்பிச்சேன்' என்று ஓடியது. அதை நினைத்துப் பின்னால் பல நாள் கூசிப்போனார்.

"உன்துல இன்னா கம்பெனிலாம் கீது?" என்றார் செங்குட்டுவன்.

புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை. கவரைப் பிரித்து உள்ளே இருந்த கம்பெனிப் பட்டியலை நீட்டினார். பட்டியலில் ஓடப்போன செங்குட்டுவனின் விரல் முதல் வரியிலேயே நின்றது.

"யக்கா... என் கம்பெனிதான் மொதல்ல கீது."

"நல்லாப் பாரு செங்கு."

"பாத்துட்டேன். அதுக்குக் கீயயும் கம்ப்யூட்டர்தான். அதுக்கும் கீய அதான்."

தாளின் அடியில் இருந்த தொகையைப் புஷ்பவல்லியே படித்தார். ஒரு லட்சத்துப் பதினோராயிரம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் சண்முகவேல் எண்ணிப் பார்த்தார். முப்பது கம்பெனிதான், ஆனால் இருபது கம்ப்யூட்டர் கம்பெனிகள். "நான் ஒருநாளும் எண்ணிப் பாக்கலக்கா. எங்க அம்மா பணமும் இதுலதான் கெடக்கு."

விற்றால் போனது போனதுதான் என்றாகிவிடும். அந்தப் பயத்திலேயே புஷ்பவல்லி விற்கவில்லை. ஒரு கன்டெய்னர் யார்டில் பாதிச் சம்பளத்துக்குத் திரும்பவும் டெலிபோன் எடுக்கப் போனார். இப்போது ஒவ்வொரு கவரையும் பிரித்துப் படித்தார். பட்டியலில் கம்ப்யூட்டர் பெயர்கள் குறைந்தன. பேங்க், சிமென்ட், லாரிக் கம்பெனிகள் வந்தன. 2004 டிசம்பரில் வந்த கவரில் தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. நம்ப முடியாமல் மூன்று முறை படித்தார். ஒன்றரை லட்சத்தை எடுத்துத் தபால் நிலையத்தில் போட்டார். வேலையை விடவில்லை.

செங்குட்டுவன் தன் பங்குக் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களோ, முகவரியில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தன. அவர் மணலியில் ஒரு குடோனுக்குக் காவலாளியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மாதம் வாய் வராமல் இருந்துவிட்டு, புஷ்பவல்லி அங்கே போய்த் தன் பணம் திரும்பி வந்ததைச் சொன்னார்.

"இன்னாது, திரும்பி வந்துச்சா?" செங்குட்டுவன் எழுந்தே விட்டார். "ரெண்டு பேருக்கும் அதே கம்பெனிதானேக்கா?"

"அதேதான். என்துல ஃபண்டுக்காரங்க அத வித்துட்டு வேற வாங்கிட்டாங்க. எதுக்கு வித்தாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. நான் ஒண்ணுமே பண்ணல, செங்கு."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. இரண்டாவது முறை அடித்த பிறகுதான் செங்குட்டுவன் கேட்டைத் திறக்கப் போனார்.