அத்தா திட்டாத நாட்கள்

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குக் கோபம் வந்தால் காரைக்குடிக் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அங்கேதான் தையல் கடை வைத்திருந்தார். சட்டையில் பித்தான் இடம் மாறினாலும் சரி, நான் வாய்ப்பாட்டில் தடுமாறினாலும் சரி, ஒரே குரல்தான். அப்படிப்பட்ட மனிதர், நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷத்தில், திடீரென்று சாதுவாகிப் போனார்.

அதை முதலில் கண்டுபிடித்து அனுபவித்தவள் நான்தான். ஒரு சாயங்காலம் கடலை மிட்டாய் வாங்கி வந்து தந்தார். நான் தின்று வாயைத் துடைப்பதற்குள், "மிட்டாய் வாங்க மறந்துட்டேனே" என்று மறுபடியும் கிளம்பிப் போய் வாங்கி வந்தார். சிலேட்டை உடைத்தேன், சிரித்தார். வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன், பக்கத்தில் வந்து அவரும் படுத்துக்கொண்டார். உலகம் கடைசியில் ஒழுங்குக்கு வந்துவிட்டதாக நான் நினைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா தலைவலி என்று அடிக்கடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சட்டைக்குப் பித்தான் போடும்போது இடது கை சும்மா தொங்கியது. ஒருநாள் கடையிலிருந்து வந்தவரின் இடது காலில் செருப்பில்லை. வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா அந்த வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தாவின் அக்கா, என் மாமி, "காத்துக் கருப்பு ஏதோ பட்டிருக்கு. ஓதிப் பாக்கணும்" என்றார். அம்மா மறுக்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து ஓதவைத்தாள். அவர் போன கையோடு அத்தாவைக் குதிரைவண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். இடது கை மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

"தலையில எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்லையே" என்றார் அத்தா.

"பட்டுச்சு டாக்டர்" என்றாள் அம்மா. "போன மாசம் கீழச்சிவல்பட்டியில ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனாக. வாசநெலையில குனியாமப் போயி இடிச்சுக்கிட்டு வந்தாக. லேசா வீங்கியிருந்துச்சு, நான்தான் எண்ணெய் தடவிவிட்டேன்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியில் அத்தாவின் கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் அம்மாவை உட்காரவைத்துப் பேசினார். "அடி சின்னதுதாம்மா. ஆனா உள்ள ஒரு மெல்லிய ரத்தக்குழாய் கசிஞ்சு, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல கொஞ்சங் கொஞ்சமா ரத்தம் தேங்கிருச்சு. அது மூளைய அமுக்குது. அதான் மறதி, அதான் கை கால் சோர்வு. எலும்புல சின்னதா ஓட்டை போட்டு வடிச்சு விட்டா மூளை தன்னால பழைய எடத்துக்கு வந்துரும். விட்டுட்டா நெனவு போயிரும்."

கூட வந்திருந்த மாமி அலறினார். "மண்டையத் தொறந்தா மனுசன் திரும்பி வருவானா?"

"தொறக்காட்டித்தான் மதினி திரும்பி வரமாட்டாக" என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. டாக்டரைப் பார்த்து, "செய்யுங்க டாக்டர். நல்லாயிருவாக" என்றாள். டாக்டர் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அத்தாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாமி விம்மிக்கொண்டே தஸ்பீஹ் மணியை உருட்டினார். அம்மா எனக்குச் சடையை இழுத்துப் பின்னிவிட்டாள், இட்லி ஊட்டினாள், சிந்தியதற்குத் தலையில் ஒரு குட்டும் வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. டாக்டர் வெளியே வந்து, "கறுத்த மிஷின் எண்ணெய் மாதிரி வடிஞ்சிருச்சும்மா" என்றபோதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

தலையில் பெரிய கட்டோடு அத்தா படுத்திருந்தார். அடுத்த நாள் இடது கையால் டம்ளரைப் பிடித்தார். அதற்கப்புறம் ஒரு காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் போகாம இங்க என்னடி பண்ணிக்கிட்டிருக்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பழைய குரல். என் நல்ல காலம் முடிந்தது என்று கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அம்மா எழுந்து வெளியே போனாள். தேடிப் போனால், வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். ஊரில் அழாதவள், ஆபரேஷன் அன்று அழாதவள். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன்.

"அழாதம்மா. என்னையத்தான திட்டுனாக, ஒன்னைய ஒண்ணுஞ் சொல்லலையே."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதாள். திட்டு வாங்கியவள் நான். அழுகிறவள் அவள். இதில் என்ன நியாயம் என்று யோசித்தபடியே மடியில் கிடந்தேன்.