பெத்தம்மாள் கையில் கட்டிய எண்

2023 ஜனவரி 9: ரூ. 400
பிப்ரவரி 6: ரூ. 400
மார்ச் 6: இல்லை

இவை பெத்தம்மாளுக்கு நாள்கூலிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவை. கன்னிவாடிக்கு மேலே, மலைச்சரிவில் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் மகன் பாலுவுடன் வாழ்கிறார். ரேஷன் அரிசி வந்த பிறகும் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டிச் சுட்டுத் தின்றவர். அதன் முரட்டு நாரைச் செரிக்கும் நுண்ணுயிர் அவர் குடலில் இருக்கிறதா, இருந்தால் அதன் எந்த மரபணு அந்த வேலையைச் செய்கிறது என்று அறிய, ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ரோகிணி வந்தார். மாதம் ஒரு முறை, மூன்று முறை மலம் வேண்டும் என்றார்.

"அரிசி ஏத்திட்டு ஒரு வண்டி மேல வரமாட்டேங்குது. பீயள்ள காரு வருது பாரு!" என்றார் பெத்தம்மாள். குடியிருப்பே சிரித்தது. ரோகிணியும் சிரித்தார்.

மாதிரிகள் மாறிவிடாதிருக்க, எண் பொறித்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ரோகிணி அவர் மணிக்கட்டில் கட்டினார். "மாத்திரை எதுவும் சாப்பிடாதீங்க, வயித்துல உள்ள நுண்ணுயிர் செத்துரும். உடம்புக்கு முடியலைன்னா மட்டும் சாப்பிட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க" என்றார். முழுவதும் பெத்தம்மாள் காதில் விழுந்தது. ஆனால் அந்தப் பட்டை அவருக்குக் காப்பு. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர், கட்டியவரே வந்து அவிழ்க்கும்வரை விரதத்தை முறிப்பதில்லை.

பிப்ரவரி கடைசியில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. செவிலியர் கொடுத்த மாத்திரைகளைப் பாய்க்கடியில் வைத்துவிட்டார். சில நாளில் மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"ஆத்தா, இது கோயில் காப்பு இல்ல, பிளாஸ்டிக்கு. நான் அறுத்துப் போடுறேன்."

"ஏலே, கட்டுனது நீயா? கைய எடு."

பாலு போன் செய்தான். மறுநாள் வெள்ளனே ரோகிணி வந்து, நேராகக் கத்தரிக்கோலை எடுத்தார். பாலு அவரைத் தடுத்து மஞ்சள் நீர் கொண்டுவந்து வைத்தான். ரோகிணி அதில் கை நனைத்த பிறகே பட்டையை நீக்கினார்.

"இப்ப மாத்திரை தின்னா அது செத்துருமே, தாயி? நீ கேட்ட மூணுல ஒண்ணு பாக்கி கெடக்கே."

"சாகட்டும்மா. நீங்க இருங்க."

பெத்தம்மாள் பிழைத்தார். நெஞ்சு மட்டும் பழையபடி ஆகவில்லை. சரிவேறிக் கிழங்கு தோண்ட முடியாமல் ரேஷன் சோற்றோடு நின்றுவிட்டார்.

பிறகு ரோகிணியின் கடிதம் வந்தது. குடியிருப்புப் பள்ளியின் ஆசிரியரான நான்தான் வாசித்துக் காட்டினேன். முதல் மாதிரியிலேயே அந்த நுண்ணுயிர் கிடைத்திருந்தது. அதிலிருந்து ஒரு மரபணுவை வெட்டி நீக்கியதும் கிழங்கு நாரில் அது வளரவில்லை. திரும்பச் சேர்த்ததும் வளர்ந்தது.

"அப்ப அது உசுரோட இருக்கு" என்றார் பெத்தம்மாள். பிறகு வயிற்றைத் தொட்டு, "இங்க?" என்றார்.

அதை அறிய ரோகிணி இன்னொரு மாதிரி வாங்கிப்போனார். பெத்தம்மாளின் குடலில் அது இப்போது இல்லை, ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் மட்டுமே இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார். அதுவே கடைசிக் கடிதம்.

"அங்கயாச்சும் அதுக்குக் கெழங்கு போடச் சொல்லுங்க" என்றார் பெத்தம்மாள்.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 2025 செப்டம்பர் 18.