புஸ்பராணி கழுவிய எஞ்சின்

புஸ்பராணியின் இடது கை எஞ்சினின் அடிவயிற்றைப் பிடித்திருக்க, வலது கை பழைய பல் பிரஷால் அதன் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குசினித் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுச் சவர்க்காரம். எஞ்சின் ஒரு சாண் நீளம். படுக்கையில் கிடக்கும் ஆளைத் துடைக்கிற அதே முறையில், மேலிருந்து கீழாக, மடிப்புகளை விடாமல், தண்ணீர் படக் கூடாத இடத்தை ஒதுக்கித் தேய்த்தாள். கறுப்பும் துரு நிறமும் கரைந்து வடிய, உள்ளே இருந்த பச்சை வெளியே வந்தது. பிறகு எண் தெரிந்தது. கடைசி இரண்டு இலக்கம் முப்பத்து நாலு.

“அப்ப அதுதான்,” என்று முணுமுணுத்தாள். முழுதாக நம்பவில்லை.

எஞ்சின் முசியே யோனுடையது. அவருக்கு எண்பத்தைந்து வயது. ஸ்கொட்லாந்துக்காரர், இளவயதில் அபர்டீனில் ரயில் சாரதிக்குத் துணையாளாக இருந்தவர். பிரெஞ்சுக்காரி ஒருத்தியைக் கட்டி பாரிசுக்கு வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. மனைவி இப்போது இல்லை. ரூ லூயி-பிளாங்கில் ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், அவரும் பதினொரு எஞ்சின்களும் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் ஆரம்பத்தில் ஓடிய டீசல் எஞ்சின்களின் சிறு உருவங்கள் அவை. கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கும். கண் மங்கிப்போனதால் யோன் அவற்றைத் தடவித்தான் பார்ப்பார்.

புஸ்பராணிக்கு ஐம்பத்தாறு. கொடிகாமத்தில் பிறந்து, வன்னிக்குள் போய், உயிரோடு வெளியே வந்தவள். பிரான்சில் முதல் ஆறு வருடம் உணவகத்தில் வெங்காயம் உரித்தாள். பிறகு முதியோர் பராமரிப்புப் படித்துச் சான்றிதழ் எடுத்தாள். தினமும் ஆர்ஜொந்தெயில் ரயிலேறி, சன் லசாரில் மெட்ரோ மாறி, எட்டு மணிக்கு யோனின் கதவைத் திறப்பாள். குளிப்பு, மாத்திரை, காலைச் சாப்பாடு, கடைசியாகக் கொப்பி. பராமரிக்க வருகிறவர்கள் அன்றன்று நடந்ததை எழுதிவைக்கும் கொப்பி அது. மற்றவர்கள் ‘எல்லாம் நலம்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். புஸ்பராணி கணுக்காலில் இருக்கும் சிராய்ப்பின் நீளத்தையும் அளந்து எழுதுவாள்.

சனிக்கிழமைகளில் அந்துவான் என்றொருவர் வருவார். ரயில் உருவங்கள் செய்யும் சங்கத்துக்காரர். கையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதை முதலில் கவனித்தவன் கீழ்க்கடை வரதராசாதான்.

“அக்கா, உங்கட கிழவன்ரை சாமானை ஒராள் பெட்டியிலை வைச்சுக் கடத்திறார் போல கிடக்கு.”

“விசர்க்கதை கதையாதை. திருத்தக் கொண்டுபோறாராம்.”

“நான் போன் திருத்திறனான் அக்கா. திருத்தக் கொண்டுபோற சாமானுக்குள்ளை என்னென்ன மாறும் எண்டு எனக்குத் தெரியாதோ?”

அன்றிலிருந்து புஸ்பராணி அந்துவானின் பெட்டியையும் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். போன மாதம் பளபளவென்று ஒரு பச்சை எஞ்சின், எண் 34, போனது. மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தது ஊத்தை பிடித்த ஒன்று. கூரையெல்லாம் கரி, சக்கரமெல்லாம் துரு, பக்கங்களில் எண்ணெய் வழிந்த கோடு. நல்லதை எடுத்துக்கொண்டு பழஞ்சாமான் சந்தையில் பொறுக்கியதை வைத்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் பராமரிக்க வருகிறவளின் பையைத்தான் பார்ப்பார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை, யோன் கண்ணயர்ந்த நேரத்தில், எண்ணைப் பார்க்க எஞ்சினைக் கழுவினாள். துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுதினாள்:

‘காலை 9.15. எஞ்சின் 34 கழுவப்பட்டது. எண் சரி. இடது பக்கம், சாரதியின் கதவருகே ஒரு பள்ளம். பள்ளத்தின் மேல் விளிம்பில் கீறல்.’

வியாழக்கிழமை காலை ரயிலில் தொலைபேசி அடித்தது. பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்யும் கஜந்தினி. இங்கேயே பிறந்த பிள்ளை.

“அன்ரி, உங்களைப் பற்றி ஒரு முறைப்பாடு. முசியே அந்துவான் நேற்றுப் பின்னேரம் வந்து பார்த்தவராம். பழைய எஞ்சினை எடுத்திட்டு, அதே நம்பரிலை கடையிலை வித்த புதுசொண்டை நீங்க வைச்சிருக்கிறீங்களாம்.”

“ஆர், நானோ? அந்தாளெல்லோ பெட்டியோடை திரியிறது!”

“உய், உய், விளங்குது அன்ரி. பத்து மணிக்கு அங்கை வாறன், கதைப்பம். ஆனா ஒண்டு.” கஜந்தினியின் குரல் இறங்கியது. “திங்கட்கிழமை பிரெபெக்தூருக்குக் கொண்டுபோக நீங்க கேட்ட கடிதம். இது முடியுமட்டும் எங்கட ஒபீஸ் மதாம் சைன் வைக்க மாட்டாவாம்.”

அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வேலைக்கு அத்தாட்சி இல்லை. அத்தாட்சி இல்லாமல் பிரெபெக்தூர் அலுவலகத்தில் விசா அட்டையைப் புதுப்பிக்க முடியாது. புஸ்பராணி தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, சன் லசார் வரும்வரை அந்துவானை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனாள்.

யோன் அன்று பாணைத் தொடவில்லை. வழக்கமாக “ராணி, வெளியிலை குளிரோ?” என்று கேட்பவர், எதுவும் கேட்கவில்லை. அலுமாரிப் பூட்டில் எப்போதும் தொங்கும் சாவியையும் காணவில்லை. இரண்டு வருடம் முதுகு தேய்த்துவிட்டவளை இவரும் சந்தேகப்படுகிறார் என்று புஸ்பராணிக்கு விளங்கியது. மாத்திரையைக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அப்பால் போனாள்.

பத்து மணிக்கு கஜந்தினியும் அந்துவானும் வந்தார்கள். அந்துவான் ஒரு படத்தை மேசையில் வைத்தார். ஊத்தை எஞ்சினின் படம்.

“இதுதான் நான் சனிக்கிழமை வைச்சிட்டுப் போனது. இதிலை மூண்டு கிழமை வேலை இருக்கு. கரி, எண்ணெய், துரு, ஒவ்வொண்டும் பிரஷாலை பூசினது. இப்ப அங்கை நிக்கிறது கடைப் பெட்டியாலை எடுத்த புதுச் சாமான்.”

புஸ்பராணி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்த ஊத்தை... நீங்க வேணுமெண்டு பூசினதோ?”

“ஊத்தையில்லை மதாம். அபர்டீன். அறுபத்து மூண்டாம் ஆண்டு மாரியிலை ஓடின கோலம்.”

வாயைத் திறந்தால் மூன்று கிழமை வேலையைக் கெடுத்தவள். திறக்காவிட்டால் கள்ளி. புஸ்பராணி அதிக நேரம் யோசிக்கவில்லை.

“நான் கழுவிப்போட்டன்.”

“மோன் தியூ, அன்ரி!” கஜந்தினி நெற்றியில் கைவைத்தாள்.

புஸ்பராணி குசினிக்குப் போய், வெள்ளிக்கிழமை தோய்க்கவென்று வாளியில் போட்டிருந்த, எஞ்சினைத் துடைத்த துணியைக் கொண்டுவந்து விரித்தாள். கறுப்பும் துருவும் திட்டுத் திட்டாக இருந்தன.

“துணி எதிலையும் ஊத்தையாகலாம்,” என்றார் அந்துவான். “அடுப்பைத் துடைச்சிருப்பீங்கள்.”

“இந்த வீட்டு அடுப்பு மின்சார அடுப்பு. அதிலை எங்காலை கரி?” அவள் கொப்பியை எடுத்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை உரத்து வாசித்தாள். பள்ளம் என்ற இடம் வந்ததும் யோன் தலையை நிமிர்த்தினார்.

“கீறல் எந்தப் பக்கம்?”

“மேல் விளிம்பிலை.”

யோன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். கஜந்தினி அலுமாரியைத் திறந்து எஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிழவரின் கட்டைவிரல் கதவருகே போய், பள்ளத்தில் இறங்கி, மேல் விளிம்பில் நின்றது.

“கடையிலை வாறதுக்கு இந்தப் பள்ளம் இல்லை. இது நான் வெட்டினது. என்ரை மனுசி கோப்பியைக் கொண்டுவந்து மேசையிலை வைக்க, மேசை ஆடி, கத்தி வழுக்கினது. அண்டைக்கு நல்லாய் ஏசினனான்.” பிறகு புஸ்பராணியின் பக்கம் திரும்பினார். “இதைப் போய் ஏன் எழுதினீர்?”

“அது வளையம் பிடிக்கிற கொக்கி வைக்கிற இடமெல்லோ? ஒற்றைப் பாதையிலை ஸ்டேசன் மாஸ்டர் வளையம் குடுத்தாத்தான் றெயின் அடுத்த ஸ்டேசனுக்குப் போகலாம். எங்கட கொடிகாமத்திலை சாரதி கையை நீட்டி வாங்குவார். உங்களிட்டை அதுக்கு மெசினாக்கும் எண்டு நினைச்சன்.”

“சரியாய்ச் சொன்னீர்,” என்றார் யோன்.

புஸ்பராணி அந்துவானைப் பார்த்தாள். “நேற்று இதைக் கையிலை எடுத்துப் பார்த்தனீங்களோ?”

“சாவி இருந்தது... ஆனா கண்ணாடிக்கு வெளியாலைதான் பார்த்தனான். வலது பக்கம்தான் தெரிஞ்சது.”

“அப்ப ஏன் முசியே யோன், சாவியை ஒளிச்சனீங்கள்?” என்று கஜந்தினி கேட்டாள்.

“உங்கள் இரண்டு பேரிலையும் எனக்குச் சந்தேகம்,” என்றார் யோன் வெட்கமில்லாமல். “ஒராள் பெட்டியோடை வாறார். ஒராள் பையோடை வாறா. எனக்குக் கண் தெரியாது.”

அந்துவான் முகம் சிவந்து, அந்த இடத்திலேயே முறைப்பாட்டை விலக்கி எழுதிக் கொடுத்தார். மன்னிப்பும் கேட்டார். ஆனால் போகும்போது அலுமாரியிலிருந்த எஞ்சின்களை எண்ணிவிட்டுத்தான் போனார். புஸ்பராணி அதையும் கவனித்தாள்.

“இந்த எஞ்சின் ஊரிலை நல்லாய் ஓடினதோ?” என்று அவள் பிறகு யோனிடம் கேட்டாள்.

“எங்கை ஓடினது! பாதி வழியிலை புகைச்சுக்கொண்டு நிண்டிடும். நான் இறங்கி, சிக்னல் அறைமட்டும் பனிக்குள்ளாலை நடப்பன்.”

“பிறகென்னத்துக்கு இதிலை இவ்வளவு ஆசை?”

“நடக்கேக்கை சிகரெட் பத்தலாம். சாரதி பார்க்க மாட்டார்.”

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அந்துவான் பொடி டப்பாக்களும் பிரஷ்களுமாக வந்து மரப்பெட்டியைத் திறந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்வதுதான் வசதி என்றார். புஸ்பராணி பெட்டியை மூடி, கதவுக்கு வெளியே வைத்தாள். குசினி மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, எஞ்சினைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, “இஞ்சை வைச்சுச் செய்யுங்கோ,” என்றாள். அவர் கரி பூச, அவள் பக்கத்தில் நின்று போஞ்சி வெட்டினாள். இடையில் கஜந்தினி அழைத்து, கடிதத்தில் மதாம் கையெழுத்து வைத்துவிட்டார் என்றும், பின்னேரம் வந்து எடுக்கலாம் என்றும் சொன்னாள்.

பதினொன்றரைக்கு யோன் எஞ்சினைத் தடவிப் பார்த்து, விரல் நுனியில் ஒட்டிய கரியை முகர்ந்து தலையாட்டினார். புஸ்பராணி ஈரத் துவாயால் அவர் விரலைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள். ‘வெள்ளி, 11.30. எஞ்சின் 34 மீண்டும் அழுக்காக்கப்பட்டது. இனிக் கழுவக் கூடாது.’

எழுதி முடித்ததும் கொப்பியை அந்துவானின் பக்கம் திருப்பி, பேனையைக் கொடுத்து, அவர் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள்.